எழுபது கிலோ சங்கிலி

வங்கியின் அடகுப் பகுதியில் எனக்கு வேலை.
வாழைச்சேனைச் சங்கிலிகளில் பாதி
என் தராசில் ஏறி இறங்கியவை.
கொக்கியைப் பார்ப்பேன், பற்றவைத்த இடத்தைப் பார்ப்பேன்,
உரைகல்லில் ஒரு கீறு.
பிறகுதான் முகத்தைப் பார்ப்பேன்.

"சங்கிலி ஒண்டு வாங்கினேன்" என்றதும்
போனில் தங்கை புவிதா கேட்டாள்,
"எத்தின பவுன்கா?"
எழுபது கிலோ என்றேன்.
கல்வனைஸ். எட்டு மில்லி. ஐம்பது மீற்றர்.
கொழும்பிலிருந்து இரவு பஸ்ஸில்
இரண்டு உரச்சாக்குகளில் வந்தது.
கொண்டக்டர் அதற்கும் ஒரு சீற்றுக்காசு எடுத்தான்.
"காலால மிதிச்சுக்கொண்டு இருங்க அக்கா,
பிரேக் போட்டா உருளும்."

படகு எங்களைவிட மூத்தது.
யாரோ ஒரு ஒல்லாந்துக்காரர்
துறைமுகக் கட்டணம் கட்டாமல் விட்டுப்போனது.
ஏலத்தில் எடுத்தோம், நானும் தவநேசனும்,
காணி வாங்க வைத்திருந்த காசில்.
ஆட்கள் சொன்னதை இங்கே எழுத ஒண்ணாது.

அதன் பழைய நங்கூரம் கலப்பை மாதிரி.
கலப்பை உழத்தான் செய்யும்.
போன ஆனியில், கல்குடாவில், கச்சான் வீசிய இரவு
விடியும்வரை மணலை உழுதுகொண்டே போனது.
கச்சான் கரையிலிருந்து அடிக்கிற காற்று.
இழுபட்டால் முட்டி நிற்க ஒன்றுமில்லை,
வங்காள விரிகுடா மட்டும்தான்.
நான் விழித்தபோது
பனைகள் இமைமயிர் அளவு.
தவநேசன் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார்.
"அப்பிடி ஒண்டும் போகல்ல" என்றார்,
போய்க்கொண்டிருந்த படகில் நின்று.

புதியது மண்வெட்டி மாதிரி, பதினைந்து கிலோ.
அணியத்து உருளையில் அது உட்காரவில்லை.
ஓட்டமாவடி ஹில்மி வந்தார்,
பென்சிலைக் காதில் செருகினார்,
இரண்டு அங்குலம் வெட்டி வெல்டிங் பிடிக்கலாம்,
ஆனால் அடிப்பலகையைக் கிள்ளிப் பாருங்கள் என்றார்.
கிள்ளினேன். புட்டு மாதிரி உதிர்ந்தது.
ஆக உருளைக்காகப் பலகை, பலகைக்காக எபொக்சி,
எபொக்சிக்காக மழையில்லாத நான்கு நாள்,
அந்த நான்கு நாளுக்காக என் லீவு.
நங்கூரம் மாற்றப் போனவர்கள்
படகின் மூக்கையே கழற்றி வெயிலில் பரப்பியிருந்தோம்.

சங்கிலியை ஜெட்டியில் நீட்டிவைத்து
கண்ணி கண்ணியாகப் பார்த்தேன். பழக்கம்.
பத்து மீற்றரில் ஒரு பட்டை, இருபதில் இரண்டு,
வீட்டுக் கேற்றுக்கு அடித்து மிஞ்சிய பச்சையில்.
நாற்பத்தொன்று தாண்டி ஒரு கண்ணியில்
மயிரிழை வெடிப்பு.
தவநேசனுக்குத் தெரியவில்லை.
ஹில்மி கண்ணாடி போட்டும் தெரியவில்லை.
வெட்டச் சொன்னேன்.
மிச்ச ஒன்பது மீற்றர் பழைய கலப்பைக்கு,
பின்பக்கம், தேவைப்பட்டால்.

நேற்று மறுபடி கல்குடா. ஐந்து மீற்றர் ஆழம்.
மூன்று பச்சை போகும்வரை விட்டோம்.
நைலோன் கயிற்றைக் கொளுவி
எஞ்சினைப் பின்னுக்குப் போட்டார்.
சங்கிலியில் உள்ளங்கால் வைத்தேன்.
இழுபடும் நங்கூரம் காலுக்குக் கேட்கும்,
அம்மி அரைப்பதுபோல.
ஒரு நடுக்கம்.
பிறகு ஒன்றுமில்லை.
படகு ஒருதரம் குனிந்து நிமிர்ந்தது.

கச்சான் பத்து மணிக்குத் தொடங்கியது.
ஹோட்டல் விளக்கையும் போன் கோபுரத்துச் சிவப்பையும்
ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தேன்.
பன்னிரண்டு. ஒன்றரை. மூன்று.
படகு ஆட ஆட விளக்குகள் விலகின, திரும்பின.
நித்திரைதான் திரும்பவில்லை.
அடகு வைத்தவர்கள் ஏன்
வாசலில் நின்று திரும்பிப் பார்க்கிறார்கள் என்பது
பதினொரு வருடம் கழித்து
தண்ணீருக்குமேல் விளங்கியது.
தவநேசன் குறட்டை.

விடிய மீட்டோம்.
எடை குறையவில்லை.
அலகில் ஒரு கை மணல், ஒரு சோகி,
அதற்குள் இன்னும் ஆள் இருந்தது. திருப்பிப் போட்டேன்.
உருளைதான் கொஞ்சம் கீச்சிடுகிறது.
ஹில்மியிடம் சொல்லவேண்டும்.